வராண்டாவில் பந்து வேண்டாம், மைதானத்தில் விளக்கு வேண்டும்

அடுத்த வாரம் என் மகன் சென்னையில் ஒரு கல்லூரி விடுதியில் சேருகிறான். விதிமுறைத் தாளில் கையெழுத்துப் போடும்போது, "விடுதிக்குள் எந்த விளையாட்டும் கூடாதாம், என்னப்பா அநியாயம்?" என்று கேட்டான். அநியாயம் இல்லை என்றேன். ஏன் என்று சொல்ல, இத்தனை வருடம் வீட்டில் பேசாத ஒன்றைப் பேச வேண்டியதாயிற்று.

1998-இல் நானும் இதே ஊரில் விடுதி மாணவன். இரண்டாம் மாடி வராண்டாதான் எங்கள் சேப்பாக்கம், குப்பைத் தொட்டிதான் ஸ்டம்ப். டென்னிஸ் பந்தில் பாதிக்கு இன்சுலேஷன் டேப் ஒட்டினால் அழகாக ஸ்விங் ஆகும். 58 கிராம் பந்து யாரை என்ன செய்துவிடும் என்பது எங்கள் வாதம்.

ஓர் இரவு 11 மணிக்கு நான் தூக்கி அடித்த பந்து டியூப்லைட்டில் பட்டது. வராண்டா இருண்டது. குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீர் பிடிக்க வெறுங்காலுடன் வந்த முதலாண்டுப் பையன் "அம்மா" என்று உட்கார்ந்துவிட்டான். டார்ச் அடித்துப் பார்த்தால், குதிகாலில் ஆழமாக இறங்கிய சில்லு; விளக்கின் வெள்ளைப் பொடி ரத்தத்தோடு குழைந்து கிடந்தது. நான்கு தையல். மறுநாள் செமஸ்டர் தேர்வுக்கு நொண்டிக்கொண்டே போனான். அந்த வாரத்தில் இரண்டு முறை எங்களிடம் வந்து, "அண்ணா, கொஞ்சம் சத்தம் இல்லாமல் ஆடுங்கள்" என்று கேட்டவன் அவன்தான். இரண்டு முறையும் விரட்டினோம்.

இன்றைய அடுக்குமாடி விடுதிகளில் ஆபத்து இன்னும் கூடுதல். தீயணைப்புக்காகக் கூரையில் பொருத்தும் தண்ணீர்த் தெளிப்பான்களில் சிறிய கண்ணாடிக் குமிழ் இருக்கும். பெரும்பாலானவற்றில் 68 டிகிரி வெப்பத்தில் அது உடைந்து தண்ணீர் கொட்டும். பந்து பட்டு உடைந்தாலும் அதே கதிதான். வால்வை அடைக்கும்வரை நிற்காது. புத்தகம், மடிக்கணினி, மெத்தை எல்லாம் நனையும். சத்தமோ கான்கிரீட் தளம் வழியாக நேரே கீழ் அறைக்கு இறங்கும். அங்கே ஒருவன் காய்ச்சலில் படுத்திருக்கலாம்.

ஆகவே விதி சரி. ஆனால் விதி போட்டதோடு கடமை முடிந்தது என்று நினைக்கும் நிர்வாகங்கள் மீது எனக்குக் கோபம் உண்டு. மாணவனுக்கு ஓய்வு எப்போது கிடைக்கிறது? வகுப்பும் ஆய்வகமும் முடிந்து, மெஸ்ஸில் சாப்பிட்ட பிறகு. சென்னையில் மே மாத வெயிலில் பகலில் எவனும் மைதானத்தில் நிற்க முடியாது. நவம்பரில் 6 மணிக்கு முன்பே இருட்டிவிடுகிறது, மழைக்காலம் வேறு. எங்கள் மைதானத்துக்கு 6 மணிக்குப் பூட்டுப் போட்டார்கள். 20 வயதுப் பையன்கள் 40 பேர் வேறு எங்கே போவார்கள்? வராண்டாவுக்குத்தான் வந்தோம். நான் செய்தது தவறு. அந்தப் பூட்டும் தவறு.

உடைத்தவன் யாரென்று தெரியாவிட்டால் அந்த மாடி முழுவதற்கும் அபராதம் போடும் வழக்கமும் ஒழிய வேண்டும். தூங்கிக்கொண்டிருந்தவன் ஏன் பணம் கட்ட வேண்டும்? அந்தத் தொகையைவிட நான்கு விளக்குக் கம்பங்கள் பயன் தரும். ஒரு இறகுப்பந்து ஆடுகளம், பொது அறையில் ஒரு கேரம் பலகை, அவ்வளவு போதும் என்று பல விடுதி மாணவர்களே சொல்வார்கள்.

மகன் கையெழுத்துப் போட்டுவிட்டான். சேர்க்கை நாளன்று வார்டனிடம் நான் கேட்கப்போகும் முதல் கேள்வி, மைதானத்து விளக்கு இரவு எத்தனை மணிவரை எரியும் என்பதுதான்.