பன்னிரண்டாம் வகுப்பு வரை காத்திருக்க வேண்டாம்

பன்னிரண்டாம் வகுப்பில் தொழில் வழிகாட்டல் வேண்டும் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு அது ரொம்பத் தாமதம். பதினொன்றில் எடுக்கும் குரூப்பே பாதியைத் தீர்மானித்துவிடுகிறது. பொறியியல் சேர்க்கைக்குப் பார்க்கும் கட் ஆஃப் மதிப்பெண் 200-ல் கணக்குக்கு மட்டும் 100. இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50. கணக்கு வராது என்று பயந்து அது இல்லாத குரூப்பை எடுத்த பிள்ளையிடம் கல்லூரிச் சேர்க்கைக் கலந்தாய்வு நேரத்தில் இதைச் சொல்லி என்ன பயன்?

பத்தாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் பெற்றோரோடு உட்கார வைத்துப் பேச வேண்டும். பத்தாவது முடித்து 3 ஆண்டு டிப்ளமோ படித்தால் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம் என்பதே பல வீடுகளுக்குத் தெரியாது.

அடுத்தது சான்றிதழ்கள். பிள்ளைகள் அதிகம் அலைவது இதில்தான். ஆதாரில் இனிஷியல் முன்னால், மார்க் ஷீட்டில் பின்னால், சாதிச் சான்றிதழில் அப்பா பெயரில் ஓர் எழுத்து மாறியிருக்கும். வழிகாட்டி மூன்றையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்துக் கூட்டிப் பார்க்க வேண்டும். திருத்த வாரக்கணக்கில் ஆகும். விண்ணப்பத் தேதி காத்திருக்காது. வீட்டில் அக்கா ஏற்கெனவே பட்டம் வாங்கியிருந்தால் குடும்பத்தின் முதல் பட்டதாரிக்குத் தரும் கட்டணச் சலுகை கிடையாது, அதை நம்பிக் கட்டணக் கணக்குப் போடக் கூடாது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டுக்குப் பொதுவாக 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். இடையில் பள்ளி மாற்றும் முன்பே பெற்றோருக்கு இதைச் சொல்ல ஆள் வேண்டும்.

கலந்தாய்வில் விருப்பப் பட்டியலை நீளமாகக் கொடுக்கச் சொல்லுங்கள். பெயர் தெரிந்த நாலைந்து கல்லூரிகளை மட்டும் போட்டுவிட்டு, நல்ல மதிப்பெண் இருந்தும் அந்தச் சுற்றில் இடமில்லாமல் நிற்கிறார்கள்.