திரும்பி வந்த புத்தகங்களின் மேசை

எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் நுழைந்ததும் வலப்பக்கம் ஒரு நீள மேசை இருந்தது. வாசகர்கள் திருப்பிக் கொடுத்த புத்தகங்களைப் பதிவேட்டில் குறித்துவிட்டு நூலகர் அந்த மேசையில்தான் வைப்பார். மாலையில் உதவியாளர் எண் பார்த்து அலமாரிகளில் அடுக்கும்வரை அவை அப்படியே குவிந்து கிடக்கும். சமையல் புத்தகத்தின்மேல் ரஷ்ய நாவல், அதன்மேல் போட்டித் தேர்வு வழிகாட்டி, அதன்மேல் சித்த மருத்துவம், எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு கவிதைத் தொகுப்பு. எனக்கு வாய்த்த நல்ல எழுத்தாளர்களில் பாதிப் பேர் அந்த மேசையிலிருந்து கிடைத்தவர்கள்.

ஜனவரி பிறந்தால் புத்தகக் காட்சி. கூடவே 'என்ன வாங்கலாம்' பட்டியல்களும் வந்துவிடும். நானும் ஆவலோடு படிக்கிறேன். ஆனால் பத்துப் பட்டியல்களில் எட்டில் அதே பெயர்கள்தான் சுற்றிச் சுற்றி வருகின்றன. அந்தப் பெயர்கள்மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. நாவல் படிப்பவர் நாவல்களையே பரிந்துரைக்கிறார், வரலாறு படிப்பவர் வரலாற்றையே பரிந்துரைக்கிறார். ஒரே அலமாரியின் முன்னால் நின்றுகொண்டு அதே புத்தகங்களை ஒருவருக்கொருவர் கை மாற்றிக்கொள்கிறோம். பக்கத்து அலமாரிக்கு எப்படிப் போவது என்பதுதான் என் கவலை. அதற்கு என் அனுபவத்தில் கண்ட வழி ஒன்றைச் சொல்கிறேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் துப்பறியும் கதைகளைத் தவிர வேறு எதையும் நான் தொட்டதில்லை. நூலகத்தில் இருந்த அத்தனையையும் படித்து முடித்திருந்தேன். அப்படி ஒரு நாள் மேசைக் குவியலில் 'கதிரேசன் செட்டியாரின் காதல்' என்ற புத்தகம் கையில் பட்டது. தலைப்பைப் பார்த்துக் குடும்பக் கதை என்று நினைத்துக் கீழே வைக்கப் போனேன். நின்றபடியே சில பக்கங்கள் புரட்டியதும்தான் தெரிந்தது, அதுவும் துப்பறியும் கதைதான் என்று. எழுதியவர் மா. கிருஷ்ணன். கேள்விப்படாத பெயர். இரண்டே இரவுகளில் முடித்துவிட்டு, திருப்பிக் கொடுக்கும்போது நூலகரிடம் கேட்டேன்: "ஐயா, இவர் வேறு துப்பறியும் கதை எழுதியிருக்கிறாரா?"

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். "இவர் துப்பறிந்ததெல்லாம் காட்டுக்குள் தம்பி. இப்படி வாருங்கள்" என்று எழுந்து நடந்தார். அதுவரை நான் ஒருமுறைகூட நின்றிராத அறிவியல் அலமாரியின் கடைசித் தட்டிலிருந்து 'மழைக்காலமும் குயிலோசையும்' என்ற புத்தகத்தை உருவி எடுத்துக் கொடுத்தார்.

மா. கிருஷ்ணன் 1912இல் பிறந்தவர். 1950இல் ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில் இயற்கை பற்றிய பத்தி எழுதத் தொடங்கி, 1996இல் இறக்கும்வரை எழுதியவர். இந்தியக் காட்டுயிர்களைக் கறுப்பு வெள்ளையில் படம் பிடித்தவர். இவையெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தவை. அன்று இரவு அந்தப் புத்தகத்தைத் திறந்தபோது தெரிந்தது ஒன்றுதான்: இந்த மனிதர் நின்று பார்க்கிறார். எங்கள் வீட்டுக் கொல்லைச் சுவரில் தினமும் ஒரு பறவை வரும். ஏதோ காக்கை வகை என்று நினைத்துப் பல ஆண்டுகளாகப் பொருட்படுத்தாமல் இருந்தேன். புத்தகத்தைப் படித்த மறுநாள் காலையில், காபி ஆறுவதைக்கூடக் கவனிக்காமல் நின்று அதைப் பார்த்தேன். செம்பழுப்பு இறக்கை, ரத்தச் சிவப்பில் கண், பறக்க மனமில்லாமல் புதருக்குள் மெல்ல நடந்து மறையும் நடை. செம்போத்து. குயிலின் உறவு, ஆனால் தன் கூட்டைத் தானே கட்டிக்கொள்ளும் பறவை. ஒரு துப்பறியும் கதையைக் கையில் எடுத்ததால் என் வீட்டுச் சுவரில் எனக்குக் கிடைத்த பறவை அது.

அந்தத் தொகுப்பைப் பதிப்பித்தவர் சு. தியடோர் பாஸ்கரன். பதிப்பாசிரியர் பெயரை யாரும் கவனிப்பதில்லை. நானும் அதற்கு முன் கவனித்ததில்லை. ஆனால் கிருஷ்ணனைத் தேடித் தொகுத்தவர் யார் என்று அறிய மனம் விரும்பியது. பாஸ்கரன் அஞ்சல் துறையில் உயர் பதவி வகித்தவர், தானும் காட்டுயிர்களைப் பற்றி எழுதுபவர். அவரே தமிழ்த் திரைப்பட வரலாற்றிலும் முன்னோடி! இப்படித்தான் சினிமா அலமாரிக்குப் போனேன். 1931இல் 'காளிதாஸ்' வந்து தமிழ்ப் படம் பேசத் தொடங்குவதற்கு முன்பே நாடக மேடைகள் சுதந்திரப் போராட்டத்துக்கு எப்படிக் களமாயின என்பதை அவர் எழுத்தில்தான் படித்தேன். நாடக நடிகர் விஸ்வநாத தாஸ் முருகன் வேடத்தில் நின்றுகொண்டு வெள்ளைக்காரனைக் கொக்காக்கிப் பாடியதை அங்கேதான் அறிந்தேன். பறவையைப் பின்தொடர்ந்து போன எனக்கு நாடகக் கொட்டகையிலும் ஒரு பறவை கிடைத்தது.

இன்னொரு கிளையும் அதே மரத்திலிருந்து பிரிந்தது. கிருஷ்ணனின் தந்தை அ. மாதவையா. 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அதே மாதவையா. 1898இல் முதல் பாகம் வந்த அந்த நாவலைப் பாடப்புத்தகத்தில் ஒற்றை மதிப்பெண் விடையாக மனப்பாடம் செய்ததோடு சரி. மகனுக்காகத் தந்தையைப் படிக்கப் போனேன். பெண் கல்விக்காக அந்தக் காலத்தில் அவ்வளவு ஆத்திரத்தோடு எழுதிய ஒருவரை விடை எண்ணாக மட்டும் அறிந்திருந்தது எனக்கு வருத்தமாக இருந்தது. 1925இல், சென்னைப் பல்கலைக்கழக ஆட்சிப் பேரவையில் தமிழைப் பட்டப் படிப்பில் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்று பேசி முடித்தபின் அங்கேயே உயிர் பிரிந்தவர் மாதவையா. அப்போது கிருஷ்ணனுக்குப் பதின்மூன்று வயது.

துப்பறியும் கதை, இயற்கை, திரைப்பட வரலாறு, பத்தொன்பதாம் நூற்றாண்டு நாவல் என்று நான்கு அலமாரிகள். எந்தப் பட்டியல் இந்த நான்கையும் ஒரே மூச்சில் எனக்குக் கொடுத்திருக்கும்?

வாசகரை அலமாரிக்கு நடுவே நடமாட விட வேண்டும் என்று நம் மண்ணில் போராடியவர் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன். கணித ஆசிரியராக இருந்தவர், 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரானார். புத்தகத்தைப் பூட்டி வைத்துக் காப்பதே நூலகர் வேலை என்றிருந்த காலத்தில் அவர் வாசகரைத் தட்டுகளுக்கு அருகே அழைத்தார். 1931இல் அவர் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளில் மூன்றாவது, ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் உண்டு என்பது. வாசகருக்குப் புத்தகம் வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். புத்தகத்துக்கும் வாசகர் வேண்டும், அது எங்கோ காத்திருக்கிறது, அந்தச் சந்திப்பை நடத்திவைப்பது நூலகத்தின் கடமை என்று சொல்ல ஒரு ரங்கநாதன் தேவைப்பட்டார். திறந்த அலமாரி இல்லாமல் அந்தச் சந்திப்பு நடக்காது என்பதையும் அவரே வலியுறுத்தினார்.

இதை என் அத்தை நிரூபித்தார். அத்தை வாடகை நூலகத்துக் குடும்ப நாவல்களின் தீவிர வாசகி. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு நாவல், மறுநாள் அடுத்தது. வீட்டில் எல்லோருக்கும் அது கேலிப் பொருள். ஒரு முறை நான் எடுத்து வந்திருந்த 'ஆரோக்கிய நிகேதன'த்தின் பின்னட்டையைப் படித்துவிட்டு, "நாடி பார்க்கும் வைத்தியர் கதையாமே, கொடு பார்க்கலாம்" என்று வாங்கிக்கொண்டார். தாராசங்கர் பந்தோபாத்யாய எழுதி, 1956இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற வங்க நாவல் அது. ஜீவன் மஷாய் என்ற கிழ வைத்தியர் நோயாளியின் மணிக்கட்டைத் தொட்டு மரணம் எப்போது வரும் என்று சொல்லிவிடுவார். தன் சொந்த மகனின் நாடியிலும் அதைப் படிக்க நேர்ந்த மனிதர்.

அத்தை பத்து நாள் எடுத்துக்கொண்டார். வழக்கமான வேகம் இல்லை. நடுவில் ஒரு நாள் மாலை திண்ணையில் உட்கார்ந்து, தன் இடது மணிக்கட்டை வலது கை விரல்களால் பிடித்தபடி வெகு நேரம் இருந்தார். நான் எதுவும் கேட்கவில்லை. மாமா இறந்து அப்போது ஓராண்டு ஆகியிருந்தது. புத்தகத்தைத் திருப்பித் தந்தபோது, கதையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "இதைத் தமிழில் எழுதினவர் வேறு என்ன எழுதியிருக்கிறார்?" என்று மட்டும் கேட்டார்.

எவ்வளவு சரியான கேள்வி! மொழிபெயர்த்தவர் த.நா. குமாரசாமி. தாகூரையும் பங்கிம் சந்திரரையும் தமிழுக்குக் கொண்டுவந்தவர். அவர் தம்பி த.நா. சேனாபதியும் வங்காளத்திலிருந்து மொழிபெயர்த்தவர். மராத்தி எழுத்தாளர் காண்டேகரை ஒரு தலைமுறையே தமிழ் எழுத்தாளர்போல் கொண்டாடியது என்றால் அதற்கு அவரை மொழிபெயர்த்த கா.ஸ்ரீ.ஸ்ரீ. காரணம். கிழக்கு வங்கத்தின் ஆறுகளையும் பிரிவினைக்கு முந்தைய கிராமங்களையும் 'நீலகண்டப் பறவையைத் தேடி' என்ற வங்க நாவலின் மொழிபெயர்ப்பு வழியாக நமக்குக் காட்டியவர் சு. கிருஷ்ணமூர்த்தி. நல்ல மொழிபெயர்ப்பாளர் என்பவர் நமக்காக ஒரு மொழி முழுவதையும் படித்துத் தேர்ந்தெடுத்துத் தருபவர். அவர் பெயரைப் பிடித்துக்கொண்டு போனால் நாம் தேடத் தெரியாத எழுத்தாளர்கள் வரிசையாக வருவார்கள். அத்தைக்கு இதை யாரும் சொல்லித் தரவில்லை. குடும்ப நாவல்களை ஆயிரக்கணக்கில் படித்த கை அது, நல்ல நடையைத் தொட்டவுடன் அதற்குத் தெரிந்துவிட்டது.

அதனால்தான் 'இதையெல்லாமா படிக்கிறாய்' என்ற கேள்வியைக் கேட்டால் எனக்குக் கோபம் வருகிறது. துப்பறியும் கதை படிப்பவரைத் தாழ்வாகப் பார்ப்பது, குடும்ப நாவல் படிக்கும் பெண்களைக் கேலி செய்வது, அறிவியல் நூல் என்றால் மாணவர்களுக்கானது என்று ஒதுக்குவது, சிறுவர் இலக்கியத்தைப் பேச்சிலேயே சேர்க்காமல் விடுவது. ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் எழுதிய மர்மக் கதைகள்தான் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எத்தனையோ பேருக்குப் புத்தகம் என்ற பொருளையே வீட்டுக்குள் கொண்டுவந்தன. அந்த வாசலில் நுழைந்தவர்களை வாசலிலேயே நிறுத்தி அவமானப்படுத்தினால் உள்ளே யார் வருவார்கள்? எல்லாப் புத்தகமும் ஒரே தரம் என்று நான் சொல்லவில்லை. தரம் பார்க்கத் தெரிவதற்கே பலவும் படித்திருக்க வேண்டும் என்கிறேன்.

இணையத்தில் எல்லாம் கிடைக்கிறதே என்பார்கள். உண்மைதான், கொட்டிக் கிடக்கிறது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்கள் இலவசமாக இருக்கின்றன. ஆனால் தேடுபெட்டியில் நாம் தட்டுவது நமக்குத் தெரிந்த பெயரை. தெரியாத பெயரை எப்படித் தட்டுவது? நான் ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். ஈழத்துத் தமிழ் எழுத்துகளைச் சேமிக்கும் 'நூலகம்' என்ற மின்நூலகம் 2005இல் தொடங்கப்பட்டது. அதில் நூல்களைத் தேடுவதில்லை, பழைய இதழ்களைத் திறக்கிறேன். யாழ்ப்பாணத்தில் முடிதிருத்தகம் நடத்திக்கொண்டே டொமினிக் ஜீவா 1966இல் தொடங்கிய 'மல்லிகை'யின் ஏதாவது ஓர் இதழ். கதை, கவிதை, கட்டுரை, கடிதம், விளம்பரம் எல்லாம் ஒன்றாக இருக்கும். இதழ் என்பதும் ஒரு மேசைதான். நான் நினைத்துப் பார்த்திராத நாலு பெயர்களாவது ஒவ்வொரு முறையும் கிடைக்கின்றன.

எங்கள் நூலகத்து மேசைக்கு வருகிறேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் அதை எடுத்துவிட்டார்கள். போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு இடம் வேண்டியிருந்தது. அவர்கள் காலை முதல் இரவு வரை அங்கே உட்கார்ந்து படிப்பதைப் பார்க்கிறேன், அவர்களுக்கு எதிராக ஒரு சொல்லும் சொல்ல மாட்டேன். ஆனால் திரும்பி வரும் புத்தகங்கள் நேராகப் பூட்டிய பீரோவுக்குப் போய்விட்டன. பெயர் சொன்னால் எடுத்துத் தருவார்கள். ரங்கநாதன் எதைத் திறந்தாரோ அதைத்தான் நாம் மூடிக்கொண்டிருக்கிறோம். சொத்து வரியோடு நூலக வரியும் சேர்த்துக் கட்டுகிற நமக்கு இதைக் கேட்கும் உரிமை இருக்கிறது. நான் வாசகர் கருத்துப் பதிவேட்டில் மூன்று முறை எழுதினேன். நான்காவது முறை நேரில் போய், மேசை வேண்டாம், ஒரு பெஞ்சு போதும், வீட்டிலிருந்து நானே கொண்டுவருகிறேன் என்றேன். இப்போதிருக்கும் நூலகர் இளம்பெண். "நீங்கள் கொண்டுவர வேண்டாம் ஐயா, பின்னறையில் ஒன்று கிடக்கிறது" என்றார்.

சென்ற வாரம் பெஞ்சு வந்துவிட்டது. சுவரோரமாக, செய்தித்தாள் பகுதிக்குப் பக்கத்தில். ஒன்பது புத்தகங்கள் கிடந்தன: ஆங்கில இலக்கணம், இரண்டு குடும்ப நாவல்கள், ஒரு ராக்கெட் புத்தகம், திருமந்திர உரை, இன்னும் சில. எல்லாவற்றுக்கும் அடியில் தேனீ வளர்ப்பு பற்றிய மெல்லிய நூல் ஒன்று. பின்பக்கத் தேதிச் சீட்டைப் பார்த்தேன். 2011இல் ஒரு முத்திரை. அதற்குக் கீழே இந்த மாத முத்திரை. நடுவில் ஒருவரும் எடுக்கவில்லை. எடுத்தவர் யாரோ, உள்ளே பதினெட்டாம் பக்கத்தில் ராணித் தேனீயின் படத்துக்குப் பக்கத்தில் ஒரு வேப்பிலையை அடையாளம் வைத்திருக்கிறார். இலை இன்னும் முழுதாகக் காயவில்லை.

அதை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன். தவணை இரண்டு வாரம்.