வயதுக்கு ஏற்ற உடுப்பு

போன கிழமை தைக்கக் கொடுத்த சட்டையை எடுக்கப் போனேன். மருதமுனைக் கைத்தறிச் சேலை ஒன்று வைத்திருக்கிறேன், செம்மஞ்சள் நிறம். அதற்குத்தான் இந்தச் சட்டை. விரித்துப் பார்த்தால் கை முழங்கையைத் தாண்டி இறங்கியிருக்கிறது, கழுத்து ஏறியிருக்கிறது, உள்ளே தடித்த லைனிங் வேறு. நான் கொடுத்த அளவுச் சட்டை அப்படி இல்லை. "உங்கட வயசுக்கு இதுதான் அக்கா வடிவா இருக்கும் என்டு நானே கூட்டி வெச்சன்" என்றாள் தைக்கிற தங்கச்சி. நல்ல பிள்ளை. பத்து வருடமாக எனக்குத் தைக்கிறாள். அன்பில்தான் செய்திருக்கிறாள், அதனால்தான் எனக்கு மனம் கூடுதலாக நொந்தது.

எனக்கு 48 வயது. பாடசாலையில் படிப்பிக்கிறேன். கொஞ்ச நாளாக எங்கே போனாலும் இந்த 'வயது' எனக்கு முன்னால் போய் நிற்கிறது. துணிக்கடையில் நான் கேட்காமலே சாம்பலும் மண்ணிறமும் எடுத்துப் போடுகிறார்கள். மட்டக்களப்பு மாமாங்கக் கோயில் தீர்த்தத்துக்குப் போனபோது மச்சாள் ஒருத்தி, "என்னகா, மகள்ட சேலையா?" என்றாள்.

சரி, வயதுக்கு ஏற்றபடியே உடுப்போம். இந்த வயதில் உடம்புக்கு என்ன நடக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டாமா? பெரும்பாலான பெண்களுக்கு 45க்கும் 55க்கும் இடையில்தான் மாதவிடாய் நிற்கிறது. அந்தக் காலத்தில் நெஞ்சிலிருந்து முகத்துக்குத் திடீரென்று ஒரு சூடு ஏறும். ஆடி மாதம் கச்சான் காற்று அனலாக அடிக்கும்போது, வகுப்பில் கரும்பலகைக்கு முன்னால் நிற்கையில் அது எனக்கு வரும். சட்டை முதுகோடு ஒட்டிவிடும். பொலியெஸ்டர் வியர்வையை உறிஞ்சாது, பருத்தி உறிஞ்சும். இந்த உடம்பு கேட்பது குட்டைக் கை, இறக்கமான கழுத்து, மெல்லிய பருத்தி. ஊர் 'வயதுக்கு ஏற்றது' என்று தருவதோ நீளக் கையும் ஏறிய கழுத்தும் தடித்த துணியும். அப்படியென்றால் அது யாருடைய வயதுக்கு ஏற்றது?

2022இல் பொருளாதார நெருக்கடி நேரம் இலங்கையில் சில ஆசிரியைகள் சேலை இல்லாமல் பாடசாலைக்கு வந்து பெரிய விவாதமானது நினைவிருக்கும். நான் சேலையை விரும்புகிறவள், அந்தச் சண்டைக்குள் போகவில்லை. ஆனால் அப்போது பேசிய எத்தனையோ பேரில் ஒருவரும் அந்த உடுப்புக்குள் இருக்கும் உடம்பைப் பற்றிப் பேசியதாக எனக்கு நினைவில்லை.

என் மகளின் ஜீன்ஸ் எனக்கு வேண்டாம். சாம்பல் நிறத்தை விரும்பி உடுக்கிற பெண் அதையே உடுக்கட்டும், அதுவும் அழகுதான். எனக்குக் கோபம் வருவது வேறு இடத்தில்.

1990இல் அப்பா இல்லாமல் போனபோது அம்மாவுக்கு 36 வயது. இப்போதைய என்னைவிட 12 வயது இளையவர். பொட்டு போனது, பூ போனது, நிறம் போனது. ஒருவரும் வாய் திறந்து எதுவும் சொல்லவில்லை, அம்மா தானே விளங்கிக்கொண்டார். யுத்த காலத்து மட்டக்களப்பில் அப்படி விளங்கிக்கொண்ட பெண்கள் எத்தனை பேர்! ஒவ்வொரு ஒழுங்கையிலும் இருந்தார்கள். அந்த வருடங்களில் வளர்ந்த பிள்ளைகளாகிய எங்களுக்கு 'அம்மா' என்றாலே மங்கிய நிறம்தான். இன்று எனக்குச் சாம்பல் நிறத்தை எடுத்துப் போடுகிற கையிலும் அந்தப் பழக்கம்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். பெண்ணின் வயதை அவள் பிறந்த வருடத்திலிருந்து நாங்கள் எண்ணுவதில்லை. புருசன் போனானா, பிள்ளைக்குக் கலியாணமானதா என்று பார்த்துத்தான் எண்ணுகிறோம்.

வைகாசியில் எங்கள் பக்கம் கண்ணகி அம்மன் கோயில்களில் கதவு திறந்து சடங்கு நடக்கும். கல்யாணக்கால் நடுவார்கள். கடைசியில் குளிர்த்தி பாடி அம்மனைக் குளிர வைப்பார்கள். அந்த அம்மன் யார்? மதுரையில் கணவனைப் பறிகொடுத்தவள். அவளுக்குப் பட்டுச் சாத்தி, மாலை போட்டு, கைகூப்பி நிற்கிறோம். அதே வாசலில் என் அம்மா மங்கிய சேலையோடு, கூட்டத்துக்குப் பின்னால், இத்தனை வருடம் நின்றார். எனக்கே இது இந்த வருடம்தான் உறைத்தது. உறைத்த பிறகு குளிர்த்தி முடியும்வரை என்னால் அம்மனை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

மறுகிழமை அம்மாவுக்கு ஒரு இலைப்பச்சைச் சேலை வாங்கிக்கொண்டு போனேன். வேண்டாம் என்பார் என்று நினைத்தேன். மடியில் வைத்து வெகுநேரம் தடவிக்கொண்டிருந்தார். "கரை கொஞ்சம் சின்னனா இருந்தா நல்லம்" என்றார். அவ்வளவுதான். மாற்றிக்கொண்டு வந்து கொடுத்தேன்.

என் சட்டையைத் தங்கச்சியிடமே திருப்பிக் கொடுத்தேன். லைனிங்கை எடுத்துவிடு, கழுத்தைப் பழைய அளவுக்கு இறக்கு, கையை அளவுச் சட்டையைவிட இரண்டு விரல் குறை என்றேன். கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்தாள். மறுகா கத்தரிக்கோலை எடுத்துத் தையலைப் பிரிக்கத் தொடங்கினாள். வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறாள்.