நகாகின் கோபுரத்தில் நடந்தது வேறு
தொழிற்சாலையில் செய்த அறைகளை அடுக்கிக் கட்டினால் பழுதானதைக் கழற்றிப் புதியதை மாட்டிக்கொள்ளலாம், நகரமானாலும் கிராமமானாலும் முறை ஒன்றே என்று நான் படித்த ஒரு கட்டுரை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. ஜப்பானியக் கட்டடக் கலைஞர் கிஷோ குரோகாவா வடிவமைத்து 1972இல் டோக்கியோவில் எழுந்த நகாகின் கோபுரத்தின் 140 கேப்சூல்களும் (தொழிற்சாலையில் செய்த சிற்றறைகள்) இதே எண்ணத்தில்தான், ஒவ்வொன்றும் நான்கே போல்ட்டுகளால், கான்கிரீட் தண்டோடு இணைக்கப்பட்டன. ஏறக்குறைய 25 ஆண்டுகளுக்கு ஒருமுறை அவற்றை மாற்றுவது திட்டம். ஒன்றுகூட மாற்றப்படாமலேயே 2022இல் கோபுரத்தை இடிக்கத் தொடங்கினார்கள். கேப்சூல்களுக்கு நடுவே இடைவெளி குறுகலாக இருந்ததால், மேலே இருப்பவற்றை அகற்றாமல் கீழே உள்ளதை எடுப்பது நடைமுறையில் இயலவில்லை; அதைவிடப் பெரிய தடை, தனித்தனி உரிமையாளர்கள் அனைவரும் ஒருசேரச் செலவிட முன்வர வேண்டியிருந்தது. கிராமத்திலோ சிக்கலே வேறு: முழு அறையை ஏற்றிய லாரி வளைந்து திரும்பும் அளவுக்குச் சாலை வேண்டும், இறக்கக் கிரேன் வேண்டும். பிரெஞ்சு வடிவமைப்பாளர் ழான் புரூவே 1949இல் மேற்கு ஆப்பிரிக்காவில் நைஜரின் நியாமிக்கு அனுப்பிய உலோக வீடு, தட்டையாக அடுக்கிய பாகங்களாக விமானத்தில் சென்றதை நான் உயர்வாக மதிப்பது இதனால்தான் (விலையில் அது எடுபடவில்லை என்பதும் உண்மை). நான் சில ஆண்டுகள் குடியிருந்த, முன்பே வார்த்த பலகைகளைப் பொருத்திக் கட்டிய முன்வார்ப்புக் கட்டடத்தில் சுவர்ப் பலகைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. இரு பலகைகளுக்கு நடுவே விரல் அகலத்தில் அடைத்திருந்த ரப்பர் போன்ற பூச்சு வெயிலில் சுருங்கி ஓரம் விட்டுப்போக, மழை பெய்யும்போதெல்லாம் அந்த ஒரு கோட்டின் வழியாகவே நீர் இறங்கியது. அதைச் சரிசெய்ய ஐந்து மாடி உயரத்துக்கு வெளிப்புறம் சாரம் கட்ட வேண்டியிருந்தது. அறைகளின் தோற்றத்தைப் பற்றி இவ்வளவு எழுதிய கட்டுரையாளர், இந்த இணைப்புகளை எவர், எதன் மேல் நின்று பழுதுபார்ப்பார் என்பதையும் எழுதியிருக்க வேண்டும்.