பில்லி வைல்டரின் முதல் படம் எது?

ஹாலிவுட் இயக்குநர் பில்லி வைல்டர் இயக்கிய முதல் படம் 1942-இல் வந்த ‘தி மேஜர் அண்ட் தி மைனர்’ என்று ஒரு பதிவு சுற்றி வருகிறது. தவறு. அது ஹாலிவுட்டில் அவர் இயக்கிய முதல் படம், அவ்வளவுதான்.

1934-லேயே பிரான்சில் ‘மொவேஸ் கிரேன்’ வெளிவந்துவிட்டது. அலெக்சாண்டர் எஸ்வேயும் வைல்டரும் சேர்ந்து இயக்கியது. ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் பெர்லினிலிருந்து பாரிசுக்குத் தப்பி வந்திருந்தார் வைல்டர். கையில் காசு குறைவு; அதனால் பாரிஸ் தெருக்களிலேயே நிறையப் படமாக்கினார்கள். படத்தின் கதை இதுதான்: டாக்டர் அப்பா காரை விற்றுவிட, சொகுசாக வளர்ந்த மகன் கார் திருட்டுக் கும்பலில் சேருகிறான். கண்ணில் பட்ட கழுத்து டையை எல்லாம் சுருட்டும் ஒருவனும் அந்தக் கும்பலில் உண்டு! நாயகி டேனியல் டாரியு அப்போது பதின்ம வயதுப் பெண். இவ்வளவு துடிப்பான படத்தை வைல்டரின் கணக்கிலிருந்து விடுவது அநியாயம். பகிர்ந்தவர்கள் தயவுசெய்து திருத்திவிடுங்கள்.