மர்மம் இல்லை, அது முகவரி

வட அமெரிக்காவின் கிழக்குக் கரையோரம் உள்ள ரோனோக் தீவில் 1587-இல் குடியேறிய நூற்றுச் சொச்சம் ஆங்கிலேயர்கள் 'தடயமின்றி மறைந்தார்கள்' என்று நான் படித்த ஒரு கட்டுரை சொல்கிறது. அதை என்னால் ஏற்க முடியவில்லை. தடயம் இருந்ததே!

உணவும் உதவியும் கேட்டு இங்கிலாந்து போன அந்தக் குடியேற்றத்தின் ஆளுநர் ஜான் ஒயிட், ஸ்பெயினுடனான போரால் கப்பல் கிடைக்காமல் மூன்று ஆண்டுகள் தவித்தார். 1590 ஆகஸ்டில் திரும்பியபோது, வேலிக் கம்பத்தில் 'குரோட்டோவான்' என்று செதுக்கியிருந்தது. வேறு இடம் போனால் பெயரைச் செதுக்குங்கள், ஆபத்து என்றால் சிலுவையும் போடுங்கள் என்பது முன்பே பேசிவைத்த ஏற்பாடு. சிலுவை இல்லை. வீடுகளும் பிரித்து எடுக்கப்பட்டிருந்தன. அவசரமாக ஓடுகிறவர்கள் வீட்டைப் பிரித்துக்கொண்டா போவார்கள்?

குரோட்டோவான் என்பது தெற்கே இருந்த ஒரு தீவு. ஆங்கிலேயருக்கு நண்பராக இருந்த மான்டியோவின் மக்கள் வாழ்ந்த இடம். அங்கே போய்ப் பார்க்கத்தான் ஒயிட் கிளம்பினார். புயல், அறுந்துபோன நங்கூரக் கயிறுகள்... கப்பல் திரும்பிவிட்டது. ரோனோக்கில் பிறந்த தன் பேத்தி வர்ஜீனியாவை அவர் அப்புறம் பார்க்கவே இல்லை. எனக்கு மனம் கனப்பது இந்த இடத்தில்தான்.

இன்னொன்று, மர வளையங்களை ஆராய்ந்தவர்கள் 1587 முதல் 1589 வரை அந்தப் பகுதியில் கடும் வறட்சி என்று கண்டிருக்கிறார்கள். அவர்கள் இடம் மாற அதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம். கட்டுரையில் அதையும் சேர்த்திருக்கலாம்.