ஒதுக்கீடு வேறு, செலவு வேறு
நகராட்சி பட்ஜெட்டில் பூங்காவுக்குப் போட்டிருந்த தொகை முழுவதும் செலவாகிவிட்டது என்று இங்கே பலர் பகிர்கிறீர்கள். அது சரியில்லைங்க. பட்ஜெட்டில் இருப்பது வரப்போகும் ஆண்டுக்கான மதிப்பீடு, அதாவது இவ்வளவு வரை செலவழிக்கலாம் என்ற அனுமதிதான். டெண்டர் தள்ளிப்போனாலோ எதிர்பார்த்த மானியம் வராவிட்டாலோ அதில் எதுவுமே செலவாகாமலும் போகலாம்.

நீங்களே பார்த்துக்கொள்ளலாம். பெரும்பாலான பட்ஜெட் புத்தகங்களில் ஒவ்வொரு தலைப்புக்கும் எதிரே முந்தைய ஆண்டின் உண்மைச் செலவு, நடப்பு ஆண்டின் திருத்திய மதிப்பீடு, அடுத்த ஆண்டின் மதிப்பீடு என்று தனித்தனிக் கட்டங்கள் இருக்கும், பகிரப்படும் எண் அந்தக் கடைசிக் கட்டத்தில் உள்ளது. ஆண்டு முடிந்தபின் வரும் தணிக்கை செய்த கணக்கில் அதே தலைப்பைத் தேடுங்கள். அப்புறம், பூங்கா அப்படியே கிடப்பதில் எனக்கும் வருத்தம்தான். ஒதுக்கியும் வேலை ஏன் தொடங்கவில்லை என்று கேட்போம்.